பாதியில் நின்ற 1994-ஐப் பகடை உருட்டி முடிப்பது: பேஸ்பால் ரீப்ளே, ஓர் எளிய அறிமுகம்

புக் கிரிக்கெட் ஆடியிருக்கிறீர்களா? கடைசி பெஞ்சில் வரலாற்றுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காமல் ஒரு பக்கத்தைப் பிரிப்போம். இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கம் 2 என்றால் இரண்டு ரன், 4 என்றால் ஃபோர், 6 என்றால் சிக்ஸ், 0 வந்தால் அவுட். 8 வந்தால் என்ன என்பதில் பள்ளிக்கு ஒரு சட்டம்; எங்கள் வகுப்பில் அது நோ பால். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஸ்கோர் எழுதுவோம். அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு குறைதான். டெண்டுல்கர் அடிக்கும் அதே அடியை வெங்கடபதி ராஜுவும் அடிப்பார். யார் மட்டை பிடித்து நிற்கிறார் என்பது புத்தகத்துக்குத் தெரியாது.

அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் டெண்டுல்கருக்கு ஒரு புத்தகம், ராஜுவுக்கு வேறொரு புத்தகம் வேண்டும். டெண்டுல்கரின் புத்தகத்தில் 0-வில் முடியும் பக்கங்கள் குறைவாக இருக்க வேண்டும், 4-இல் முடிபவை அதிகமாக. எவ்வளவு குறைவு, எவ்வளவு அதிகம் என்பதை அவர் அந்த வருஷம் நிஜமாக ஆடியதிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு இதைத்தான் செய்தார்கள். ஆளுக்கொரு புத்தகத்துக்குப் பதில் ஆளுக்கொரு அட்டை. பக்கம் பிரிப்பதற்குப் பதில் பகடை. ஒரு பழைய சீசனில் ஆடியவர்களின் அட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த சீசனின் அட்டவணைப்படி ஒவ்வோர் ஆட்டமாக மேசையில் ஆடிப் பார்ப்பதற்கு 'ரீப்ளே' என்று பெயர்.

டிவியில் காட்டும் ரீப்ளேயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது நடந்ததையே திரும்பக் காட்டும். இங்கே ஆட்கள் அதே ஆட்கள், திறமையும் அதே திறமை, ஆனால் நடப்பது வேறு.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷப் பாடம். பிட்சர் எறிவார், பேட்டர் அடிப்பார். மைதானத்தில் பேஸ் என்று நாலு நிலைகள், நாலையும் சுற்றி வந்தால் ஒரு ரன். அடித்துவிட்டு முதல் பேஸ் வரை பத்திரமாக ஓடினால் சிங்கிள், இரண்டாவது வரை போனால் டபுள், பந்து வேலியைத் தாண்டினால் ஹோம்ரன். அடிக்க முடியாத இடத்தில் நாலு பந்து எறிந்தால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அது வாக். அடிக்கக்கூடிய பந்தை விட்டாலோ, மட்டை வீசித் தவறவிட்டாலோ ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், அது ஸ்ட்ரைக்அவுட். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணியின் முறை. இப்படி ஒன்பது இன்னிங்ஸ். ஒருவர் நூறு தடவை மட்டை பிடித்து முப்பது தடவை அடியால் பேஸ் பிடித்தால் அவர் சராசரி .300. அதுவே நல்ல ஆட்டக்காரர் என்பதற்கு அடையாளம். வாக் இந்தக் கணக்கில் சேராது.

இந்த ஆட்டம் பகடைக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் உண்டு. ஒரு பிட்சர், ஒரு பேட்டர், ஒரு முடிவு. பிறகு அடுத்த ஆள். ஒரு முழு ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 75, 80 தடவை மட்டை பிடிப்பார்கள். தடவைக்கு ஓர் உருட்டல் என்றால் பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், 540 பந்து. அதைப் பகடையில் ஆடினால் மணிக்கட்டு போய்விடும். இன்னொன்று, பேஸ்பாலில் யார் எப்போது என்ன செய்தார் என்பதை நூறு வருஷத்துக்கு மேலாக விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அட்டை தயாரிக்க வேண்டிய சரக்கு எல்லாம் அதில் இருக்கிறது.

யார் முதலில் செய்தது? 1930 வாக்கில் கிளிஃபோர்ட் வான் பீக் என்பவர் இரண்டு பகடையும் ஆளுக்கொரு அட்டையுமாக ஓர் ஆட்டத்தை வெளியிட்டார். பொருளாதாரப் பெருமந்தக் காலம், அது ஓடவில்லை. ஆனால் அதைச் சிறுவயதில் ஆடி மயங்கிய ரிச்சர்ட் ஸைட்ஸ், 1951-இல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் ஊரிலிருந்து அதே வழியில் ஆப்பா என்ற ஆட்டத்தைத் தபாலில் விற்கத் தொடங்கினார். இடையில் 1941-இல், முன்னாள் ஆட்டக்காரர் ஈதன் ஆலன் வட்டத் தட்டும் சுழல் முள்ளுமாக ஒன்றைக் கொண்டுவந்தார். ஹோம்ரன் அடிப்பவரின் தட்டில் ஹோம்ரன் துண்டு அகலமாக இருக்கும், கேக் வெட்டின மாதிரி. அப்புறம் ஹால் ரிச்மன். நியூயார்க் பக்கத்தில் பதினோரு வயதிலேயே பகடை வைத்துச் சொந்தமாக ஆட்டம் செய்து பார்த்த பையன். கல்லூரியில் கணிதம் படித்து, 1961-இல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கை வெளியிட்டார். இன்று ரீப்ளே என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். 2020-இல் கொரோனாவால் சீசன் தொடங்காமல் கிடந்தபோது, நடக்காத ஆட்டங்களை அந்த நிறுவனம் தினம் ஒன்றாகக் கணினியில் ஆடி முடிவு வெளியிட்டது. எழுத்தாளர் ஜாக் கெரவாக் சின்ன வயதில் தானே கண்டுபிடித்த பேஸ்பால் ஆட்டத்தை வளர்ந்த பிறகும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். அந்த அட்டைகளும் குறிப்புகளும் இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

அட்டை எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் அட்டை செய்து பார்த்தால்தான் புரியும். செய்வோம்.

1994-ஆம் வருஷத்து டோனி க்வின்னை எடுத்துக்கொள்வோம். சான் டியேகோ பாட்ரேஸ் அணிக்காரர். அந்த வருஷம் மொத்தம் 475 தடவை பிட்சர் முன்னால் நின்றார். வாக் போன்றவற்றைக் கழித்தால் கணக்கில் சேர்வது 419. அதில் 165 தடவை அடித்துப் பேஸ் பிடித்தார், சராசரி.394. இந்த 165-இல் ஹோம்ரன் 12, டபுள் 35, டிரிபிள் 1, மீதி 117 சிங்கிள். வாக் 48. ஸ்ட்ரைக்அவுட் வெறும் 19.

இப்போது ஒரு சிவப்புப் பகடை, ஒரு வெள்ளைப் பகடை. சிவப்பைப் பத்தாமிடம், வெள்ளையை ஒன்றாமிடம் என்று படிக்க வேண்டும். சிவப்பு 3, வெள்ளை 5 என்றால் 35. கூட்டக் கூடாது. இப்படிப் படித்தால் 11-லிருந்து 66 வரை 36 எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் வர ஒரே அளவு வாய்ப்பு. அட்டையில் 36 கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 475-ஐ 36-ஆல் வகுத்தால் 13 சொச்சம். அதாவது ஒரு கட்டம் க்வின்னின் 13 தடவைகளுக்குச் சமம்.

ஹோம்ரன் 12: ஒரு கட்டம். டபுளும் டிரிபிளும் சேர்ந்து 36: மூன்று கட்டம் என்று வைப்போம். சிங்கிள் 117: ஒன்பது கட்டம். வாக் 48: மூன்றரைக்குச் சற்று மேலே, நாலு என்று வைப்போம். ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஒன்று. மொத்தம் பதினெட்டு. மீதிப் பதினெட்டிலும் தரையில் உருளும் கிரவுண்டர், உயரப் பந்து என்று அவுட்டுகளை நிரப்புங்கள். அவ்வளவுதான், க்வின் தயார்.

சரிபார்த்தால் ஒரு சின்ன உறுத்தல் இருக்கும். வாக் நாலைக் கழித்தால் 32 கட்டம், அதில் 13 அடி: .406. நிஜத்தைவிட தாராளம். வாக் ஒன்றைக் குறைத்து அதை அவுட்டாக்கினால் 33-க்கு 13, கச்சிதமாக .394 வந்துவிடும், ஆனால் வாக் இளைத்துப்போகும். இங்கே இழுத்தால் அங்கே குறையும். 36 கட்டம் என்பது அவ்வளவு பெரிய சல்லடைக் கண். அதனால்தான் நிறுவனங்கள் இன்னும் பொடியாகச் சலிக்க வழி தேடின. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கில் மூன்று பகடை, மொத்தம் 216 சேர்க்கைகள். அதிலும் பத்தாத இடத்தில் இருபது முகப் பகடை ஒன்று வரும்: 1 முதல் 8 வரை ஹோம்ரன், 9 முதல் 20 வரை டபுள் என்பது போல ஒரு வரியையே இரண்டாகப் பிளக்கும்.

இதுவரை பேட்டரை மட்டும்தான் பார்த்தோம். எதிரே எறிகிறவர் யாரோ ஒருவர் என்றால் புக் கிரிக்கெட்டின் பழைய குறை வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிடும். ஆப்பாவில் பிட்சருக்கு ஏ, பி, சி, டி என்று தரம் உண்டு. நல்ல தரம் என்றால் பேட்டர் அட்டையின் சில அடிகள் அவுட்டாக மாறிவிடும். ரிச்மன் வேறு வழி பிடித்தார், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். மூன்று பகடையில் வெள்ளை ஒன்று தனி. அதில் 1, 2, 3 வந்தால் பேட்டரின் அட்டையைப் பார். 4, 5, 6 வந்தால் பிட்சரின் அட்டையைப் பார். மற்ற இரண்டைக் கூட்டி எந்த வரி என்று தெரிந்துகொள். பாதி நேரம் முடிவு பேட்டர் கையில், பாதி நேரம் பிட்சர் கையில்.

அப்படியானால் க்வின்னின் அட்டையில் .394 எழுதக் கூடாது. ஏன் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். பாதி நேரம் பிட்சரின் அட்டைக்குப் போகிறது. அங்கே இருப்பது சராசரி பிட்சர் என்றால் க்வின் ஆடிய நேஷனல் லீக்கின் 1994 கணக்குப்படி .267 கிடைக்கும். இரண்டும் கலந்து .394 வர வேண்டும் என்றால் க்வின்னின் அட்டையில் .521 இருந்தாக வேண்டும். .521-ஐயும் .267-ஐயும் கூட்டிப் பாதியாக்கிப் பாருங்கள், சரியாக .394.

பிட்சருக்கும் இதே கணக்குதான். அந்த வருஷம் அட்லாண்டா பிரேவ்ஸின் கிரெக் மேடக்ஸ் எறிந்தபோது எதிரணிகள் எடுத்த சராசரி .207. அவருடைய அட்டையில் .147 என்று போட வேண்டும். இப்போது க்வின்னும் மேடக்ஸும் நேருக்கு நேர் நின்றால் .521-க்கும் .147-க்கும் நடுவில், .334. பெரிய பேட்டரைப் பெரிய பிட்சர் அறுபது புள்ளி இறக்கிவிட்டார். பெரிய சூத்திரம் எதுவும் இல்லாமல், ஒரு வெள்ளைப் பகடை இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால் அட்டைக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. நிஜ வாழ்க்கையில் க்வின் மேடக்ஸை வெளுத்து வாங்கியவர். தொழில் வாழ்க்கை முழுவதையும் சேர்த்து மேடக்ஸுக்கு எதிராக அவர் சராசரி .415, ஒரு தடவைகூட மேடக்ஸால் அவரை ஸ்ட்ரைக்அவுட் செய்ய முடியவில்லை. பகடை இதை அறியாது. யாருக்கு யார் எமன் என்பதெல்லாம் அட்டையில் ஏறாது. இடக்கை, வலக்கை வித்தியாசம், மைதானத்தின் அளவு, பீல்டிங் தரம், ஓட்ட வேகம் இவற்றையெல்லாம் பெரிய ஆட்டங்கள் சேர்த்துக்கொள்கின்றன. தொடங்கும்போது அவற்றில் கை வைக்காதீர்கள். முதல் பத்து ஆட்டம் அடிப்படை விதிகளோடு போகட்டும்.

நான் 1994-ஐ உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ரீப்ளே ஆடுபவர்களில் பெரும்பாலோர் தங்கள் சின்ன வயது சீசனைத்தான் தேடுவார்கள், அல்லது பிடித்த அணி ஜெயித்த வருஷத்தை. 1994 அப்படி யாருக்கும் பிடித்த வருஷம் இல்லை. அது முடியவே இல்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும் என்று அணி உரிமையாளர்கள் நின்றார்கள். ஆட்டக்காரர்கள் ஆகஸ்ட் 12 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். செப்டம்பர் 14 அன்று மீதி சீசன் ரத்து. 1904-க்குப் பிறகு முதல்முறையாக உலகத் தொடர், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர், இல்லாத வருஷம். ஏறக்குறைய 670 ஆட்டங்கள் காற்றில் போயின. அடுத்த வருஷம் மார்ச் இறுதியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி உரிமையாளர்களுக்கு எதிராகத் தடையுத்தரவு போட்ட பிறகுதான் வேலைநிறுத்தம் முடிந்தது. அந்த நீதிபதி சோனியா சோட்டோமேயர். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்.

ஆட்டம் நின்ற அன்று மொத்த பேஸ்பாலிலும் முதலிடத்தில் இருந்தது கனடாவின் மான்ட்ரியால் எக்ஸ்போஸ். 74 வெற்றி, 40 தோல்வி. அதே பிரிவில் அடுத்திருந்த பிரேவ்ஸைவிட ஆறு ஆட்டம் முன்னால். இளம் பெட்ரோ மார்ட்டினெஸ், லாரி வாக்கர், மார்க்கீஸ் கிரிஸம், மொய்ஸேஸ் அலூ. மேனேஜர் ஃபெலிப்பே அலூ, மொய்ஸேஸின் அப்பா. அடுத்த வருஷ ஏப்ரலில் கிரிஸம், கென் ஹில், ஜான் வெட்லண்ட் மூவரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள், வாக்கரும் போய்விட்டார். 2004 முடிவில் அணியே மான்ட்ரியாலை விட்டு வாஷிங்டனுக்குக் கிளம்பியது. அந்த ஊர்க்காரர்களுக்கு 1994 என்றால் இன்றும் ஒரு பெருமூச்சு.

இன்னும் இரண்டு பேர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் நம்ம க்வின். 1941-இல் டெட் வில்லியம்ஸ் .406 அடித்த பிறகு அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் முழு சீசனில் .400-ஐத் தொட்டவர் யாரும் இல்லை. பாட்ரேஸுக்கு மீதி 45 ஆட்டம். அதில் அவர் 170 தடவை மட்டை பிடித்திருப்பார் என்று வைத்தால், 71 தடவை அடித்திருந்தால் .400. இன்னொருவர் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸின் மேட் வில்லியம்ஸ். 112 ஆட்டத்தில் 43 ஹோம்ரன். அணிக்கு மீதி 47 ஆட்டம். அதே வேகத்தில் போனால் இன்னும் 18, கூட்டினால் 61. 1961-இல் ராஜர் மேரிஸ் போட்ட சாதனையும் அதே 61-தான்! அன்றைய நிலையில் நாணயத்தைச் சுண்டிவிட்ட மாதிரி இருந்தது. அந்த நாணயம் கீழே விழவே இல்லை.

அதை விழவைப்பதுதான் ரீப்ளே.

எவ்வளவு ஆடுவது என்பதில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். அட்டை கையில் வந்ததும் முழு லீக்கையும் ஆடிவிடலாம் என்று ஆசை வரும். 1994-இல் 28 அணிகள், அணிக்கு 162 ஆட்டம், மொத்தம் 2,268. தினம் ஓர் ஆட்டம் தவறாமல் ஆடினாலும் ஆறு வருஷத்துக்கு மேல். கல்யாணம், காய்ச்சல், ஊர்ப் பயணம் எதுவும் வரக் கூடாது. அப்படி ஆடி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. நீங்கள் ஓர் அணியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்போஸின் மீதி 48 ஆட்டம் என்றால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். மற்ற அணிகளின் முடிவுகளுக்கு அவற்றின் வெற்றி விகிதத்தை வைத்து ஒரே ஓர் உருட்டல் போதும்.

ஒரு சீசனின் அட்டவணை, அன்றன்று யார் ஆடினார்கள், யார் எறிந்தார்கள் என்ற விவரம் எல்லாம் ரெட்ரோஷீட் என்ற தன்னார்வ அமைப்பின் தளத்தில் இலவசம். டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியராக இருந்த டேவிட் ஸ்மித் 1989-இல் தொடங்கியது. ரீப்ளேக்காரர்களில் ஒரு சாரார் அதைப் பார்த்து, அந்தத் தேதியில் நிஜமாக இறங்கிய ஒன்பது பேரையே இறக்குவார்கள். இன்னொரு சாரார் அணியைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். நான் இரண்டாவது கட்சி. மேனேஜர் வேலையையும் வரலாறே பார்த்துவிட்டால் எனக்கு என்ன வேலை?

ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு கடிவாளம் வேண்டும். ஒரு மாற்று ஆட்டக்காரர் சீசன் முழுக்க 20 தடவை மட்டுமே மட்டை பிடித்து, அதில் 9 அடித்திருப்பார். அட்டையில் .450 என்று மின்னும். அவரை தினமும் இறக்கினால் க்வின்னையே மிஞ்சிவிடுவார். நிஜத்தில் அவருக்கு அந்தத் திறமை இல்லை. இருபது தடவையில் அதிர்ஷ்டம் அடித்தது, அவ்வளவுதான். அதனால் அவர் நிஜமாக எத்தனை தடவை ஆடினாரோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் மேசையிலும் ஆட வேண்டும் என்பது ரீப்ளேக்காரர்களின் எழுதாத சட்டம். பிட்சர்களுக்கும் அப்படியே, நேற்று எறிந்தவர் இன்று எறியக் கூடாது. காயங்களும் கணக்கு. ஹூஸ்டனின் ஜெஃப் பேக்வெல் .368-இல் இருந்தவர், வேலைநிறுத்தத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்ட் 10 அன்று, பந்து பட்டு அவர் கை எலும்பு முறிந்தது. மீதி 1994-ஐ ஆடும்போது அவரை இறக்கலாமா? என் மேசையில் இறக்குவதில்லை. கை முறிந்தது நிஜம், வேலைநிறுத்தம் வந்ததால் அது கூடிவிடாது.

என் அட்டைகள் கடையில் வாங்கியவை அல்ல. மேலே சொன்ன கணக்கை எக்செலில் போட்டு, தடித்த தாளில் அச்சடித்து, கத்தரியால் வெட்டியவை. சீசனைத் தொடங்கும் முன் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன்: எக்ஸ்போஸுக்கு எதிராக பிரேவ்ஸ். எட்டாவது இன்னிங்ஸ், 3-2 என்று நான் பின்னால். ஒருவர் அவுட். முதல் பேஸில் வாக்கர், மட்டையோடு மொய்ஸேஸ் அலூ, எறிவது மேடக்ஸ். உருட்டினேன். சிவப்புப் பகடைகள் இரண்டும் சட்டென்று நின்றன: 3, 4. கூட்டினால் 7. வெள்ளை மட்டும் உருண்டு போய் ஸ்கோர் நோட்டின் ஓரத்தில் சாய்ந்த மாதிரி நின்றது. மேலே தெரிவது 5. அப்படியென்றால் மேடக்ஸ் அட்டை. ஏழாம் வரியில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்: ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவரிடம்) கிரவுண்டர்.

"சாஞ்சிருக்கு, செல்லாது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுப்படியிலிருந்து, "யாரோட பேசிட்டிருக்கீங்க?" என்று குரல். சாய்ந்த பகடைக்கு நானே எழுதி வைத்த சட்டம் நோட்டின் முதல் பக்கத்தில் இருந்தது: அதன் தலைமேல் இன்னொரு பகடையை வை, விழாமல் நின்றால் செல்லும். வைத்தேன். நின்றது. பிரேவ்ஸின் ஷார்ட்ஸ்டாப் ப்ளாஸரிலிருந்து இரண்டாம் பேஸில் லெம்கிக்கு, லெம்கியிலிருந்து முதல் பேஸில் மெக்ரிஃப்புக்கு. டபுள் ப்ளே, ஒரே அடியில் இரண்டு அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. ஆட்டமும் அதே 3-2-இல் போனது.

இந்தச் சட்டங்களை முதல் உருட்டலுக்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பகடை தரையில் விழுந்தால் என்ன, தவறான வரியைப் படித்துவிட்டு இரண்டு பேர் கழித்துக் கவனித்தால் என்ன, எல்லாம். ஆட்டத்தின் நடுவில் எழுதும் சட்டம் எப்போதும் நமக்குப் பிடித்த அணியின் பக்கமே சாயும். பிடிக்காத முடிவுக்கு ஒருமுறை மறுபடி உருட்டிவிட்டால் அந்த சீசன் அதோடு செத்தது. வேறு யாருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

பொருட்கள் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் வேண்டாம். மூன்று பகடை, இருபது முகப் பகடை ஒன்று, உருட்டுவதற்கு ஓரம் உயர்ந்த ஒரு தட்டு. எவர்சில்வர் தட்டு வேண்டாம், ராத்திரி பதினோரு மணிக்கு வீடே எழுந்துவிடும். அடியில் ஒரு துணி விரித்தால் நல்லது. முக்கியமானது ஸ்கோர் நோட்டு. கணினியில் இதே ஆட்டம் இருக்கிறது, ஒரு முழு சீசனைச் சில நிமிஷத்தில் ஓட்டிக் காட்டிவிடும். எனக்கு அதில் ருசி இல்லை. ஒவ்வொரு அவுட்டையும் கையால் எழுதும்போதுதான் கிரிஸம் யார், ஹில் எப்படிப்பட்டவர் என்று மனதில் நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் அன்றைக்கே கூட்டிவிடுங்கள். பத்து ஆட்டத்தைச் சேர்த்து வைத்துக் கூட்டலாம் என்று விட்டால் அங்கேயே நின்றுபோகும்.

சில வாரம் ஆனதும் ஒரு சந்தேகம் வரும். ".394 என்று செய்த அட்டை .360 அடிக்கிறதே, கணக்குத் தப்பா?" பெரும்பாலும் தப்பு இல்லை. க்வின்னின் அட்டை பிசகே இல்லாமல் செய்யப்பட்டது என்று வைப்போம். 419 தடவைக்கு எதிர்பார்ப்பது 165 அடி. ஆனால் பகடையின் இயல்பான ஆட்டம் மட்டுமே பத்து அடி முன்னே பின்னே தள்ளும். மூன்றில் இரண்டு சீசன்களில் அவர் சராசரி .370-க்கும் .418-க்கும் நடுவில் விழும். மீதி ஒன்றில் அதற்கும் வெளியே. ஐம்பது தடவையை மட்டும் வைத்துப் பார்த்தால் .250-கூட வரலாம். எக்ஸ்போஸுக்கும் அப்படித்தான். அவர்கள் விகிதப்படி 48-இல் 31 வெற்றி. 28-லிருந்து 34 வரை எது வந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம், அங்கேதான் எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனது. என் மேசையில் பத்து அடி முன்னே பின்னே போகிறது என்றால், 1994-இல் நிஜ க்வின்னின் .394-இலும் அதே அளவு தாயம் கலந்திருந்திருக்க வேண்டும். நடந்து முடிந்த சீசனும் ஒரே ஒரு தடவை உருட்டியதுதான். மறுபடி உருட்டிப் பார்க்க வழியில்லாததால் அதற்கு வரலாறு என்று பெயர் வைத்துவிட்டோம்.

நான் எக்ஸ்போஸ், பிரேவ்ஸ் இரண்டு அணிகளின் மீதி ஆட்டங்களையும் முழுதாக உருட்டுகிறேன். மேட் வில்லியம்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு தாள். ஜயன்ட்ஸ் ஆட்டம் இருக்கும் நாளில் அவருடைய நாலைந்து தடவையை மட்டும் உருட்டிக் குறித்துக்கொள்வேன். இன்றுவரை எக்ஸ்போஸ் 31 ஆட்டம் முடித்திருக்கிறார்கள். ஆறு ஆட்டமாக இருந்த இடைவெளி மூன்றாகச் சுருங்கிவிட்டது. வெட்லண்ட் இரண்டு தடவை கடைசி இன்னிங்ஸில் கோட்டைவிட்டார். வில்லியம்ஸ் 57-இல் நிற்கிறார். இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு 32-ஆவது ஆட்டம், பெட்ரோ எறியும் முறை. மேசையில் பிள்ளைகளின் வீட்டுப்பாட நோட்டு கிடக்கிறது, அதை எடுத்ததும் தொடங்க வேண்டியதுதான்.